பி.பி. மெஷினில் இதயக் குறி மின்னுகிறது, ஈசிஜி நார்மல்: சீரற்ற துடிப்பை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி இது: அம்மாவுக்கு 67 வயது, எடை 52 கிலோ, பல வருடமாக ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் பி.பி. பார்க்கும்போது மெஷினில் இதயக் குறி அடிக்கடி மின்னுகிறது. எப்போதாவது “ஒரு துடிப்பு விட்டுப்போய் நெஞ்சு திக்குன்னு அடிக்குது” என்கிறார். ஈசிஜி எடுத்ததில் நார்மல் என்று வந்தது. விட்டுவிடலாமா?

விட்டுவிடக் கூடாது; பதறவும் வேண்டாம். இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. வழக்கமான ஈசிஜி பதிவு பத்து விநாடிதான். அந்த லட்சத்தில் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் மட்டுமே தாளில் விழும். பழைய மாரடைப்பின் தடயம், இதயத் தசை தடித்திருப்பது, மின்கடத்தலில் அடைப்பு போன்றவற்றை அந்தத் தாள் காட்டும். அந்த வகையில் நார்மல் என்பது நல்ல செய்திதான். ஆனால் வந்து வந்து போகும் தாளக் கோளாறு அந்தப் பத்து விநாடியில் வராமல் இருந்திருந்தால், அது இல்லை என்று சொல்ல அந்தத் தாளுக்கு வழியில்லை.

மெஷின் நோய் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கைப்பட்டை காற்றை இறக்கும்போது ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே உள்ள நேரத்தை அது அளக்கிறது. அந்த இடைவெளி சராசரியிலிருந்து சுமார் 25 சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ பல கருவிகள் இந்தக் குறியைக் காட்டும். அளக்கும்போது பேசினாலும், கையை அசைத்தாலும், குளிரில் நடுங்கினாலும் அது மின்னக்கூடும். ஆகவே முதலில் அளக்கும் முறையைச் சரிசெய்யுங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுக்க வேண்டும். மூன்றிலும் குறி வந்தால் அதற்கு அர்த்தம் இருக்கிறது. துடிப்பு நிஜமாகவே தாறுமாறாக இருந்தால் ஒவ்வொரு முறையும் பி.பி. எண் வேறு வேறாக வரும். அப்போது ஒரே எண்ணை நம்பாமல் மூன்றின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அம்மா சொல்லும் “திக்”. வலது மேலறையில் உள்ள சைனஸ் முடிச்சுதான் இதயத்துக்குத் தாளம் போடுவது. அதன் மின்தூண்டல் மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள ஏ.வி. முடிச்சில் ஒரு கணம் தாமதித்து, கீழறைகளுக்கு இறங்குகிறது. சில நேரம் வேறோர் இடத்துச் செல்கள் முறை வருமுன்னே தூண்டலைக் கிளப்பிவிடும். முந்திக்கொண்டு வரும் இந்தத் துடிப்பைத்தான் எக்டோபிக் என்கிறார்கள். இதயம் நிரம்புவதற்குள் அது சுருங்கிவிடுவதால் வெளியே போகும் ரத்தம் குறைவு. மணிக்கட்டில் நாடியே தட்டுப்படாமலும் போகலாம். அதைத்தான் “துடிப்பு விட்டுப்போச்சு” என்று உணர்கிறோம். பின்னால் ஒரு நீண்ட இடைவெளி. அதில் இதயம் வழக்கத்தைவிட அதிகம் நிரம்பி அடுத்த துடிப்பு ஓங்கி விழுகிறது. நெஞ்சில் திக்கென்று படுவது பெரும்பாலும் அந்த அடுத்த துடிப்புதான். அது முறையான துடிப்பு.

எக்டோபிக் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். இரவு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் நன்றாகத் தெரியும், நடக்கும்போது காணாமல் போகும். தூக்கம் கெட்டால், காய்ச்சல் வந்தால், மன அழுத்தம் கூடினால் அதிகமாகும். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பியூட்டமால், மூக்கடைப்புக்கான சளி மாத்திரை, மதுவும் தூண்டும். காபி எல்லோருக்கும் காரணமல்ல. குடித்தால் கூடுகிறது என்று தெரிந்தவர்கள் குறைத்தால் போதும். எக்கோவில், அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், இதயம் நன்றாக இருந்து, மயக்கம் வராமல், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் இல்லாமல் இருந்தால் எக்டோபிக்குக்குப் பெரும்பாலும் வைத்தியம் தேவையில்லை. 24 மணி நேரப் பதிவில் மொத்தத் துடிப்பில் 10 சதவீதத்துக்கு மேல், அதாவது சுமார் பத்தாயிரத்துக்கு மேல், கீழறை எக்டோபிக் இருந்தால் கதை வேறு: அதுவே காலப்போக்கில் இதயத்தின் தசையைத் தளர்த்தக்கூடும் என்பதால் இதய மருத்துவர் எக்கோ பார்த்துத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் பயந்து இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். ஒன்றுவிட்டு ஒன்று எக்டோபிக்காக வரும்போது விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் முறையான துடிப்பை மட்டும் எண்ணி “38”, “40” என்று காட்டும். இதயம் 76, 80 என்றுதான் துடித்துக்கொண்டிருக்கும். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணினால் வித்தியாசம் தெரிந்துவிடும். தலைசுற்றல், மயக்கம், மூச்சுவாங்கல் கூட வந்தால் அந்த எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். இல்லையென்றால் ஈசிஜியில் உறுதி செய்யும்வரை அந்த எண்ணுக்காகக் கலங்க வேண்டாம்.

உங்கள் அம்மாவின் வயதில், ரத்தக்கொதிப்பும் இருக்கும்போது, தேடிப்பார்க்க வேண்டியது வேறொன்று: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நிமிடத்துக்கு 350 முதல் 600 தூண்டல்களோடு வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை அது. ஏ.வி. முடிச்சு அத்தனையையும் கீழே விடாது. கிடைத்ததை, கிடைத்த நேரத்தில் விடும். அதனால் நாடி எந்தக் கணக்குக்கும் அடங்காமல் வரும். சிலருக்குப் படபடப்பு, களைப்பு, மாடி ஏறினால் மூச்சு. பலருக்கு ஒன்றுமே தெரியாது. நெஞ்சில் திக்கென்று அடிப்பதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்கிறோம், சத்தமில்லாமல் இருக்கும் இதைத் தவறவிடுகிறோம் என்பதுதான் என் கவலை.

கவலைக்குக் காரணம் மூளை. இடது மேலறையின் பக்கவாட்டில் சின்னப் பை போன்ற ஒரு நீட்சி உண்டு. மேலறை சுருங்காதபோது அந்தப் பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. வால்வு நோய் இல்லாதவர்களுக்கு உருவாகும் உறைகட்டிகளில் சுமார் பத்தில் ஒன்பது அங்கேதான் உண்டாகின்றன. கட்டி பிய்த்துக்கொண்டு கிளம்பினால் மகாதமனி வழியாக மூளைக்குப் போய்ப் பெரிய குழாயை அடைக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. வந்து வந்து போகும் வகை என்றாலும் ஆபத்து உண்டு. “இப்ப நார்மலாயிடுச்சு” என்பதால் அது தீர்ந்துவிடாது.

வீட்டிலேயே கையால் நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். அம்மாவின் உள்ளங்கை மேலே பார்க்கட்டும். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு மடிப்புக்குச் சற்றுக் கீழே, எலும்புக்கும் தசைநாணுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, உங்கள் நாடியே அதில் தெரியும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். தாளம் பிசகினால் முழு நிமிடமும் எண்ணுங்கள். எண்ணிக்கையைவிடத் தாளத்தைக் கவனியுங்கள், மற்றொரு கையால் தொடையில் தட்டிக்கொண்டே வந்தால் பிசகு பிடிபடும். மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகமாகி, மூச்சை வெளியே விடும்போது மெதுவானால் அது இயல்பு, இளவயதினரிடம் அதிகம். ஒரே சீராக ஓடி நடுநடுவே ஒன்று விட்டுப்போனால் அது எக்டோபிக்காக இருக்கலாம். அடுத்த தட்டு எப்போது வரும் என்று கடைசிவரை ஊகிக்கவே முடியாமல், பலமும் ஒவ்வொன்றுக்கும் மாறினால், அன்றைக்கே ஈசிஜி எடுங்கள். அடிக்கடி வரும் எக்டோபிக்கும் கைக்கு அப்படித் தோன்றலாம். அதனால்தான் உறுதி செய்வது ஈசிஜி மட்டுமே.

அந்த ஈசிஜியைத் தொந்தரவு இருக்கும்போதே எடுக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். பக்கத்துக் கிளினிக்கில் ஈசிஜி வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டு, குறி மின்னும் நேரத்தில் ஆட்டோ பிடித்துப் போய்விடுங்கள். தினமும் வரும் தொந்தரவு என்றால் 24 மணி நேர ஹோல்டர், அதாவது உடம்பில் மாட்டிக்கொண்டு தொடர்ந்து ஈசிஜி பதியும் சிறு கருவி, போதும். வாரத்துக்கு ஒருமுறை வருவது என்றால் ஒரு நாள் ஹோல்டரில் சிக்காது. ஏழு நாள், பதினான்கு நாள் ஒட்டிக்கொள்ளும் பட்டை கேளுங்கள். ஹோல்டர் மாட்டியிருக்கும்போது அம்மா எப்போது என்ன உணர்ந்தார் என்று மணியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள், அந்தத் தாள் இல்லாமல் பதிவின் மதிப்பு பாதிதான். ஈசிஜி எடுக்கும் கைக்கடிகாரம் இருந்தால் அதுவும் உதவும். கடிகாரம் எடுக்கும் ஒற்றைத் தட ஈசிஜி பதிவில் 30 விநாடி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் தெரிந்து, மருத்துவர் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்டால் அது கணக்கில் சேரும். பச்சை விளக்கால் தோலில் நாடி பார்த்துக் கடிகாரம் தரும் எச்சரிக்கையை மட்டும் வைத்து மாத்திரை தொடங்கக் கூடாது.

கூடவே எக்கோ ஒன்றும், ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), பொட்டாசியம், மெக்னீசியம், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), ஹீமோகுளோபின், சர்க்கரையும் பார்க்கச் சொல்வார்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும். வயதானவர்களுக்கு அந்தத் தைராய்டு வேறு அறிகுறி காட்டாமல் இருக்கலாம். ரத்தக்கொதிப்பு மாத்திரையில் சிறுநீரைப் பெருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடோ குளோர்தாலிடோனோ சேர்ந்திருந்தால் பொட்டாசியம் இறங்கித் துடிப்பு பிசகும், வயிற்றுப்போக்கு வந்தால் இன்னும் இறங்கும். அதற்காகப் பொட்டாசியம் நிறைந்த இளநீர் தினம் இரண்டு என்று நீங்களே வைத்தியம் பார்க்க வேண்டாம். டெல்மிசார்டான், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்கும் சிறுநீரகம் பலவீனமானவருக்கும் பொட்டாசியம் ஏறினால் அதுவும் ஆபத்து. அம்மா பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று திணறி எழுகிறார் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு இந்தத் தாளக் கோளாறை வளர்க்கும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று உறுதியானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி “ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டுமா?” என்பது. துடிப்பைச் சரிசெய்வது இரண்டாவது. இதற்கு ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. இதயச் செயலிழப்பு, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை நோய், மாரடைப்பு அல்லது ரத்தக்குழாய் அடைப்பு, 65 முதல் 74 வரை வயது ஆகியவற்றுக்குத் தலா 1. வயது 75 அல்லது அதற்கு மேல் என்றால் 2. முன்பே பக்கவாதமோ, வந்து சில நிமிடத்தில் சரியான குட்டிப் பக்கவாதமோ இருந்தால் 2. பெண் என்றால் 1 சேர்ப்பது பழைய முறை. 2024-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் அதை எடுத்துவிட்டது. மொத்தம் 2 அல்லது அதற்கு மேல் என்றால் மாத்திரை பரிந்துரைக்கப்படும், 1 என்றால் கலந்து பேசி முடிவெடுப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு வயதுக்கு 1, ரத்தக்கொதிப்புக்கு 1. அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பதிவாகிவிட்டால் அவருக்கு மாத்திரை தேவை. அந்தக் குறியைத் துரத்திப் பிடிக்கச் சொல்வது இதனால்தான்.

ஆஸ்பிரின் இதற்கு மாற்று அல்ல. “லேசான ரத்தம் இளக்கி, பாதுகாப்பானது” என்று நம்பி ஆண்டுக்கணக்கில் ஆஸ்பிரின் மட்டும் சாப்பிடுபவர்கள் நம்மிடையே நிறைய. இந்த வகை உறைகட்டியை அது சரியாகத் தடுப்பதில்லை. ரத்த உறைவைத் தடுக்கும் புது வகை மாத்திரையான அபிக்ஸபானோடு நேருக்கு நேர் ஒப்பிட்டபோது பெரிய ரத்தக்கசிவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது, பக்கவாதம் அபிக்ஸபானில் பாதிக்கும் கீழே குறைந்தது.

அபிக்ஸபானின் வழக்கமான அளவு 5 மி.கி., காலை ஒன்று இரவு ஒன்று. வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியேட்டினின் 1.5 அல்லது மேல் என்ற மூன்றில் இரண்டு பொருந்தினால்தான் 2.5 மி.கி.யாகக் குறைக்க வேண்டும். அம்மாவுக்கு எடை ஒன்றுதான் பொருந்துகிறது. கிரியேட்டினின் சரியாக இருந்தால் முழு அளவுதான். “வயசானவங்க, ஒல்லியா இருக்காங்க” என்று பாதி அளவு எழுதுவது அடிக்கடி நடக்கிற தவறு, அதில் பக்கவாதத் தடுப்பு குறைகிறது. இதே வேலையைச் செய்யும் ரிவராக்ஸபான் 20 மி.கி. நாளுக்கு ஒன்று, சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேகம் குறைந்தவருக்கு 15. இதைச் சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் உடலில் சேர்வது குறைந்துவிடும். இன்னொரு புது மருந்தான டபிகாட்ரான் கேப்ஸ்யூலை உடைத்துத் தூளாகக் கொடுக்கக் கூடாது, மாத்திரை டப்பாவில் கொட்டி வைக்கவும் கூடாது. ஈரம் பட்டால் கெடும். இந்த மாத்திரைகளின் வேலை ஒரு நாளுக்குள் தேய்ந்துவிடும், ஆகவே தீர்ந்தபின் வாங்கலாம் என்று இருக்கக் கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபின் எடுத்தால் இவற்றின் வேலை குறையும்.

இரண்டு பேருக்கு இந்தப் புது மாத்திரைகள் கூடாது: உலோக வால்வு வைத்தவருக்கும், ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவருக்கும். இரண்டாவது வகை நம் ஊரில் இன்னும் உண்டு. அதனால்தான் மாத்திரை எழுதுமுன் எக்கோ பார்க்க வேண்டும். 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், ருமாட்டிக் இதய நோயாளிகளுக்கு ரிவராக்ஸபானைவிடப் பழைய வகை மருந்தே நல்ல பலன் தந்தது. அவர்களுக்கு அந்தப் பழைய வகையான வார்ஃபரின் அல்லது அசிட்ரோம், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் இடையில்; உலோக வால்வுக்கு மருத்துவர் இன்னும் கூடுதலாக வைக்கச் சொல்லலாம். இந்த மாத்திரை சாப்பிடுபவரிடம் “கீரையே தொடாதே” என்பது தவறான அறிவுரை. முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு என்பது மாறாமல் இருந்தால் மாத்திரை அளவை அதற்கேற்ப வைத்துவிடலாம். ஒரு மாதம் கீரையே இல்லாமல், அடுத்த வாரம் தினமும் சாப்பிடுவதுதான் ஐ.என்.ஆரைக் குலைக்கும். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல் போன்ற கிருமி, பூஞ்சை மருந்துகள் சேர்ந்தால் ஐ.என்.ஆர். சட்டென்று ஏறும்.

எந்த வகை மாத்திரையானாலும் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் என்று கடையில் வாங்கிச் சேர்த்துவிடாதீர்கள், வயிற்றில் ரத்தம் கசியும். வலிக்குப் பாராசிட்டமால் ஓரளவு பாதுகாப்பு. பல் பிடுங்கும்போது தாமாக மாத்திரையை நிறுத்தாமல் பல் மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் நிறுத்தத் தேவைப்படாது அல்லது ஒரு வேளை தள்ளினால் போதும்.

துடிப்பைப் பொறுத்தவரை வழி இரண்டு. மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், டில்டியாசெம் போன்றவற்றால் வேகத்தை மட்டும் அடக்குவது ஒன்று; ஓய்வில் 110-க்குக் கீழே இருந்தால் பலருக்குப் போதும். தாளத்தையே மீட்பது இன்னொன்று: அமியோடரோன் போன்ற மருந்து, மின்னதிர்ச்சி, அல்லது நுரையீரலிலிருந்து வரும் சிரைகளின் வாயைச் சுட்டோ உறையவைத்தோ தனிமைப்படுத்தும் அப்லேஷன். கோளாறு தொடங்கிய முதல் ஆண்டிலேயே தாளத்தை மீட்க முயல்வது நல்லது என்று 2020-க்குப் பிறகு எண்ணம் மாறியிருக்கிறது. ஆகவே கண்டுபிடித்தவுடனே இதைப் பற்றி இதய மருத்துவரிடம் கேளுங்கள். அப்லேஷன் வெற்றியானாலும் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை அந்த மதிப்பெண்தான் தீர்மானிக்கும்.

சுவிட்சு போட்டதுபோல் திடீரெனத் தொடங்கி, 150, 200 என்று ஒரே சீராக ஓடி, திடீரென நிற்கும் படபடப்பு வேறு வகை, எஸ்.வி.டி. என்பார்கள். இளம் பெண்களுக்கும் வரும். ஏற்கெனவே மருத்துவர் எஸ்.வி.டி. என்று உறுதி செய்தவர், சாய்ந்து உட்கார்ந்து 10 மி.லி. சிரிஞ்சின் முனையில் வாய்வைத்துத் தண்டு அசையும் அளவுக்கு 15 விநாடி ஊதி, உடனே மல்லாந்து படுக்க, கூட இருப்பவர் இரண்டு காலையும் 45 டிகிரிக்கு 15 விநாடி தூக்கிப் பிடித்தால் பலருக்கு நின்றுவிடும். 2015-இல் வந்த ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதத்தினருக்குத் தாளம் திரும்பியது, வெறுமனே ஊதியவர்களில் 17. வயதானவருக்குக் கழுத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள்.

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், முன்பு மாரடைப்பு வந்தவருக்குத் திடீர் வேகத் துடிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஈசிஜி, ஹோல்டர் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். துடிப்பு நின்று நின்று மயக்கம் வந்தாலும் அப்படியே; சிலருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நிற்கும் கணத்தில் சில விநாடி இதயம் ஓய்ந்துவிடும், அவர்களுக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படலாம்.

ஒரு பக்கம் வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ, திடீரெனப் பார்வை போனாலோ, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற மணியைக் குறித்துக்கொண்டு சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. வாயில் தண்ணீரோ ஆஸ்பிரினோ கொடுக்காதீர்கள், அது ரத்தக்கசிவாகவும் இருக்கலாம். ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போய், கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார் என்பதை முதலில் சொல்லுங்கள்: ஊசி போடலாமா, குழாய் விட்டுக் கட்டியை எடுப்பதா என்பது அந்த மணியைப் பொறுத்தது.